கிண்டியில் மூன்று பெண்கள்

சித்திரபுரத்தை அடுத்த பள்ளிவாசலில், இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை, கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மின்பொறியியல் பிரிவில் முதல் பெண் மாணவியாகச் சேர்ந்தார் அ. லலிதா.

பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர் அவர். தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமிடமும் அவர் எடுத்துரைத்த பின்னரே மகளுக்கு இடம் கிடைத்தது. விடுதியில் லலிதா தனித்திருந்தார். பிற பெண்களையும் சேர்க்கக் கல்லூரி முன்வந்தது, பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பொறியியல் பயில வந்தனர். அவர்களது பட்டச் சான்றிதழ்களில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்த வேண்டியிருந்தது.

லலிதா பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பணிகளில் பங்கேற்றார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

வாயிலைத் திறக்கும் மூத்தவர், உடன்பயிலும் தோழியர், தொழிற்பயிற்சிக்கு வழி: பொறியியல் பயிலும் பெண்களுக்கான இன்றைய வழிகாட்டல் திட்டங்கள் தர முயல்வன இவையே. இவற்றுள் முதலாவது லலிதாவுக்குப் பிறந்த வீட்டிலேயே வாய்த்தது. பள்ளிவாசல் மின்நிலையத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்த பெண்ணுக்கு அப்படியொரு தந்தை இல்லை. ஆகவே, ஒரு வீட்டின் நற்பேற்றை எல்லா வீட்டுப் பெண்களுக்கும் உரிய ஏற்பாடாக்குவதே வழிகாட்டல் திட்டங்களின் வரலாற்றுக் கடமை. லயத்து மகளை எட்டாத திட்டம் 1940-ஐத் தாண்டவில்லை.