கண்ணாடி கழுவுநீர்

சாளரக் கண்ணாடியின் அழுக்கைக் கரைப்பதோடு, அதன்மேல் இழுக்கப்படும் ரப்பர் வைப்பர் தடங்கலின்றி வழுக்கிச் செல்லவும் துணைபுரியும் திரவம். 1936-இல் அமெரிக்காவின் எட்டோரே ஸ்டெக்கோனே காப்புரிமை பெற்ற, ஒற்றை ரப்பர் அலகுடைய பித்தளை வைப்பரே இன்றைய சாதனத்தின் முன்மாதிரி.

வெறும் நீர் தன் பரப்பு இழுவிசையால் திவலைகளாகத் திரண்டுவிட, ஈரமற்ற இடங்களில் ரப்பர் பற்றிக்கொண்டு அதிர்ந்து கோடுகளை விடுகிறது. வாளி நீரில் சிறிதளவு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால், அவ்விழுவிசை குறைந்து, மெல்லிய படலமொன்று கண்ணாடியெங்கும் சமமாகப் பரவி ரப்பருக்கு வழியமைக்கிறது. அளவு மிகுமாயின் எஞ்சும் நுரையே கறையாகும். கடின நீரின் கால்சியம், மக்னீசிய உப்புகளுடன் சாதாரண சோப்பு கூடிக் கரையாத பொருக்காகிவிடுமாதலால், அங்கே செயற்கைச் சலவைத் திரவமே உத்தமம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், அலைக்காற்று கொணரும் உப்பும் மணலும் கண்ணாடியில் படிவது இயல்பாதலின், அவற்றை முதலில் நன்னீரால் கழுவிப் போக்கிய பின்னரே கழுவுநீரைப் பூசவேண்டும்; ஆல்கஹால் மிகுந்த கலவை வெயிலிலும் காற்றிலும் விரைந்துலர்ந்து வழுக்குந்தன்மையை இழக்குமாகையால், நிழல் விழும் பக்கத்தில் வேலையைத் தொடங்குவதே விவேகம். இறுகிய சுண்ணக் கறைக்கு நீர்த்த வினிகர் ஏற்றது. சலவைக்கல் விளிம்புகளில் அது படலாகாது.