ஒகேனக்கல் பயண ஏற்பாடு

ஒகேனக்கல், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள அருவிப் பகுதி. தருமபுரி நகரிலிருந்து சாலை வழியே 46 கி.மீ. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பாறையில் மோதும் நீர் திவலையாய்ச் சிதறிப் புகைபோல் எழுவதால் 'புகையும் கல்' என்று பெயர் வந்தது. எதிர்க்கரை கர்நாடகம்.

முதலில் ரயில், அடுத்து அறை, பிறகு பார்க்கும் இடங்கள் என்று ஏற்பாடு செய்வதே பலருக்கும் வழக்கம். ஒகேனக்கல்லுக்கு அந்த வரிசை சரிப்படாது. இங்கே முதல் கேள்வி, "இன்றைக்கு எத்தனை கன அடி?" என்பதுதான். விடை தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் இருக்கிறது. மத்திய நீர் ஆணையம் அங்கே ஆற்றின் நீர்வரத்தை அளக்கிறது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த அளவீட்டை வைத்துத்தான். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதித்துவிடும். 2018 ஆகஸ்டில் நீர்வரத்து வினாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. புதுப்புனல் கொண்டாட மக்கள் திரளும் ஆடிப்பெருக்கும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது; புனல் அதிகமாகிப்போனால் கரையில் நின்று கும்பிட வேண்டியதுதான்.

தருமபுரி ரயில் நிலையம் சேலம்–ஓசூர்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் தொடங்கிய கோவை–பெங்களூரு வந்தே பாரத் இங்கே நிற்கும். சென்னையிலிருந்து வருவோருக்கு ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூர்தான் கிட்டத்து நிலையம். அங்கிருந்து தருமபுரிக்குப் பேருந்து. 1906-இல் இவ்விரு ஊர்களையும் குறுகிய ரயில்பாதை ஒன்று இணைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், அது மூடப்பட்டது. மீண்டும் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பென்னாகரம் வழியாகப் பேருந்துதான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் தனியார் விடுதிகளும் அருவிப் பகுதியிலேயே உண்டு. விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் வருவது வீண் அலைச்சல்.

வழிகாட்டி என்று தனியாக யாரையும் தேட வேண்டாம். பரிசல் ஓட்டியே வழிகாட்டி. எந்தப் பாறையிடுக்கில் நீர் சுழலும், எங்கே அருவியை ஒட்டி நிறுத்தலாம் என்பதெல்லாம் அவர் கைத்துடுப்புக்குத் தெரியும். பரிசலின் மூங்கில் பின்னல்மேல் முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். பின்னர் பிளாஸ்டிக் தாள் வந்தது. உயிர்காப்பு உடை கட்டாயம். நதியில் மிதக்க விலங்குத் தோலை நம்பியவர்கள் நம்மவர் மட்டும் அல்லர்: சீனாவின் லான்சோ நகரில், காற்று ஊதிய ஆட்டுத்தோல் பைகளைக் கட்டிய மிதவையில் மஞ்சள் ஆற்றின்மேல் பயணிகள் இன்றும் போகிறார்கள். கரை திரும்பினால் எண்ணெய் மசாஜ், குளியல், மீன் வறுவல். இந்த வரிசையை மாற்றிப் பார்க்க நினைப்பவர் அரிது.

ஆறு கதவடைத்த நாளில் கைகொடுப்பவை சுற்றுவட்டார ஊர்கள். பாப்பாரப்பட்டியில் சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் உள்ளது. அவர் எழுப்ப விரும்பிய பாரத மாதா கோயிலுக்கு 1923-இல் சி.ஆர். தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23-இல், சிவா காலமானார். பழந்தமிழர் தகடூர் என்று அழைத்த தருமபுரியில் அரசு அருங்காட்சியகம் நடுகற்களைக் காத்து வருகிறது. அருகே அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயிலுக்கும், பழைய சுவரோவியங்கள் உள்ள சென்றாயப் பெருமாள் கோயிலுக்கும் ஒரே நடையில் போய் வரலாம். காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலைக்கு அரை நாள் வேண்டும்.

அரூர் அருகே உள்ள தீர்த்தமலை எதிர்த்திசையில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் தங்கிக்கொண்டு அங்கே போய்வர நினைப்பது பேருந்திலேயே பொழுதைக் கழிப்பதாகும். சென்னை திரும்புவோர் கடைசி நாளுக்கு அதை வைத்துக்கொண்டால், மலையேறித் தீர்த்தங்களில் நீராடி, அரூர் வழியாக மொரப்பூரில் ரயில் பிடிக்கலாம்.