தவணை மனையும் மீட்புரிமையும்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

சிங்கப்பெருமாள் கோயில், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கங்களில் மனை வாங்கியவர்களிடம் பேசினால், வங்கியைவிட மனை விற்றவரே மேல் என்ற கருத்து அடிக்கடி காதில் விழும். இரண்டு மாதம் தவணை தவறினாலும் 'அடுத்த மாசம் சேத்துக் கட்டுங்க' என்பார் விற்றவர். வங்கி நோட்டீஸ் ஒட்டிவிடும். இந்தக் கருத்தில் உண்மை உண்டு. ஆனால் இது விற்றவரின் சுபாவத்தைச் சொல்கிறதே தவிர, வாங்கியவரின் உரிமையைச் சொல்லவில்லை. தவணை முறிந்த நாளில் வாங்கியவர் கையில் சட்டப்படி என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே விற்றவர், வங்கி, அரசு ஆகிய மூவரையும் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், இன்று இங்கே வழங்கும் தவணை முறை மூன்றிலும் கடைசியில் நிற்கிறது. அதே தனியார் கடனை 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அடமானமாக எழுதினால் அது முதலிடத்துக்கு வரும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

தவணை மனையின் அடிப்படை ஆவணம் பெரும்பாலும் ஓர் அட்டை. மடித்த கெட்டித் தாளில் நகரின் பெயர், மனை எண், சதுர அடி, மாதத் தொகை, வசூலித்தவரின் சுருக்கொப்பம் இருக்கும். சர்வே எண், மூலப்பத்திர விவரம், தவணை தவறினால் கட்டிய பணம் என்னவாகும் என்ற நிபந்தனை ஆகியவற்றை அதில் தேடினால் கிடைப்பது அரிது. கொஞ்சம் விவரமானவர்கள் விற்பனை ஒப்பந்தம், அதாவது 'அக்ரிமென்ட்', போட்டுக்கொள்வார்கள். ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் மட்டுமே இருந்தால் சொத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகாத அட்டையை நம்பிப் பத்தாண்டு பணம் கட்டியவர், கிரயம் கேட்டு வழக்குப் போட நினைத்தால் அதற்குள்ள காலவரம்பு மூன்றே ஆண்டு. வங்கி ஜப்தி செய்ய வாங்கியவர் பெயரில் வீடாவது இருக்க வேண்டும். இவருக்கு ஜப்தி செய்வதற்குக்கூட எதுவும் இல்லை. அட்டை ரத்தாகும், மனை இன்னொருவருக்குப் போகும்.

இதைச் செங்கல்பட்டு மண்ணிலேயே எழுந்த ஒரு வழக்கு காட்டுகிறது. 1981-இல் செட்டிபுண்ணியம் கிராமத்து விவசாய நிலத்துக்கு ₹3,75,000 விலை பேசி, முன்பணம் போக மீதியைக் குறித்த தேதிகளில் தவணையாகத் தருவதாக ஒப்பந்தம் ஆனது. இடையில் ஒரு தவணை தவறியது. விற்றவர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2011 ஜூலையில், உச்ச நீதிமன்றம் வாங்கியவருக்குக் கிரயம் கிடைக்காது என்று தீர்த்தது. அசையாச் சொத்து ஒப்பந்தங்களில் காலக்கெடு அவ்வளவு முக்கியமல்ல என்ற பழைய கொள்கை, விலை ஏறாத காலத்தில் பிறந்தது. அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அதில் எழுதினார். விற்பவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான பேச்சு. பழைய விலைக்கு ஏன் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்? ஆனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்ற தொழில் நகரம் வந்தபின் இதே வட்டாரத்தில் நிலவிலை போன போக்கை நினைத்தால், தவணை தவறுவது விற்பவருக்கே ஆதாயமாகிவிடுகிறது என்பதும் விளங்கும். வாங்கியவர் பணம் கட்டத் தவறினால் விலை ஏறிய மனை விற்றவரிடமே திரும்புகிறது. இரண்டு மாதம் பொறுக்கும் நல்ல மனம், விலை இரண்டு மடங்கானபின் எத்தனை பேரிடம் நிலைக்கும்?

கட்டிய பணத்தின் கதை இதைவிடச் சற்றுத் தெளிவானது. பதே சந்த் வழக்கில் 1963-இலேயே உச்ச நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. டெல்லியில் ஒரு பங்களாவுக்கு ₹1,12,500 விலை பேசி, முன்பணமாக ₹1,000-மும் விலையின் ஒரு பகுதியாக ₹24,000-மும் வாங்கியிருந்தார்கள். முறிந்தபோது ஆயிரத்தை மட்டுமே விற்றவர் பிடித்துக்கொள்ளலாம், இருபத்து நான்காயிரம் முன்பணம் ஆகாது என்றது தீர்ப்பு. நம் ஊர்த் தவணைகள் எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இருந்தும் 'கட்டினது போச்சு' என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். வழக்குச் செலவு கட்டிய பணத்தைத் தின்றுவிடும் என்ற அச்சமே காரணம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவான ஒப்பந்தம் இன்றி விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு பிரிவினைகளுக்கு அச்சட்டப் பதிவு தேவையில்லை என்பதால் அந்தக் காவலும் எல்லாரையும் எட்டுவதில்லை.

வங்கிக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிக்குத் தந்தது. தொண்ணூறு நாள் நிலுவை ஆனால் வாராக்கடன். பிறகு அறுபது நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வராவிட்டால் சுவாதீன அறிவிப்பு. அந்த அறிவிப்பை வீட்டு வாசலில் ஒட்டுவார்கள், ஒரு தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு நாளிதழ்களில் வெளியிடுவார்கள். பெயரும் கடன் தொகையும் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த அவமானத்துக்கு எந்த விதியிலும் ஈடு இல்லை. என்றாலும் ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு உண்டு. பதில் சொல்ல இடமுண்டு. நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விற்றதில் கடன் போக மிஞ்சியது வீட்டுக்காரருக்கே சேரும். பாக்கி இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இச்சட்டத்தைப் பயன்படுத்தவே முடியாது. கடன் தீர்ந்த முப்பது நாளில் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ₹5,000 தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. மனை விற்றவர் மேல் இப்படி எந்த ஆணையும் இல்லை.

எனக்குள்ள கடுமையான குறை மீட்புரிமை பற்றியது. கிரயம் பதிவாகும் கணம்வரை அடமானம் வைத்தவர் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-இல் சர்ஃபேசி திருத்தம் அதை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு நிறுத்திவிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏலத்துக்கு முந்தின வாரம் நகையை விற்றுப் பணம் புரட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

கடற்கரைக்குப் போனால் வங்கி பற்றிய பேச்சே பலருக்குப் பொருந்தாது. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். வரைபட அனுமதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் இல்லை. பட்டா இல்லாத இடத்தில் குடியிருக்கும் மீனவக் குடும்பத்துக்கும் அதே நிலைதான். அங்கே மிஞ்சுவது தெரிந்தவர் தரும் கடன்; அதன் கொடிய முகம் கந்துவட்டி. 2003-இலேயே அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. மாற்றுக் கடன் இல்லாத இடத்தில் தடை மட்டும் என்ன செய்யும்?

அரசு இந்தக் கதையில் இரு வேடம் ஏற்கிறது. விற்பவராக வரும்போது வீட்டு வசதி வாரியம் தவணை முறையில் ஒதுக்கிய வீட்டுக்கு முழுப்பணம் கட்டிய பின்னரே கிரயம் தருகிறது. தனியாரின் அதே குறைதான். வட்டித் தள்ளுபடி அறிவிப்பு வரும் என்பது மட்டும் ஆறுதல். ஒழுங்குபடுத்துபவராக வரும்போது அதன் கை வங்கி வாசலோடு நின்றுவிடுகிறது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காகக் கிடைத்த தவணை ஒத்திவைப்பு, ரிசர்வ் வங்கியின் கீழுள்ள நிறுவனங்களில் கடன் பெற்றவர்களுக்கே பொருந்தியது. வேலை போன அதே மாதங்களில் மனை அட்டை வைத்திருந்தவர் விற்றவரின் தயவில் விடப்பட்டார். அமெரிக்காவிலும் இந்தப் பிளவு இருந்தது. 1933-இல் அங்கே தொடங்கிய வீட்டுடைமையாளர் கடன் கழகம் ஏறத்தாழ பத்து லட்சம் அடமானங்களை ஏற்று மாற்றியமைத்தது. ஆனால் சிகாகோவில் வங்கிகள் ஒதுக்கிய கறுப்பினத்தவர் பின்னாளில் விற்றவரிடமே ஒப்பந்தத் தவணையில் வீடு வாங்கி, ஒரு தவணை தவறினாலும் எல்லாம் இழக்கும் நிலைக்கு ஆளாயினர். 1968-இல் அவர்கள் சங்கம் அமைத்துப் போராட வேண்டியிருந்தது.

மாற்று வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. விற்பவர் முதல் நாளே கிரயம் எழுதிக் கொடுத்து, பாக்கித் தொகைக்கு அதே நாளில் அடமானம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அப்போது வாங்கியவருக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின் மீட்புரிமை வந்துவிடும். விற்பவருக்கு சர்ஃபேசி அதிகாரம் கிடையாது. அவர் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே பணம் கட்ட அவகாசம் உண்டு. ஏலம் உறுதியாகும்வரை கட்டி மீட்கலாம். 'கிரயம் கொடுத்துவிட்டால் பணம் வருமா' என்ற விற்பவரின் பயமும் அடிப்படையற்றது. கிரயத்துக்குப் பின்னும் வராத விலைக்கு அந்தச் சொத்தின் மேலேயே பற்றுரிமை உண்டு என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வசூலிக்கப் பன்னிரண்டு ஆண்டு காலவரம்பும் இருக்கிறது. சிவில் வழக்கு இழுக்கும் என்பது உண்மை. அதை ஈடுகட்ட விற்பவர் முன்பணத்தைக் கூட்டிக் கேட்கட்டும். வட்டியையும் வெளிப்படையாக எழுதட்டும்.

இம்முறை இங்கே வேரூன்றாததற்குச் செலவும் ஒரு காரணம். கிரயத்துக்கு ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் முதல் நாளே கட்ட வேண்டும். அடமானத்துக்குத் தனியே வேறு. அரசு இங்கே விட்டுக்கொடுக்கலாம். கிரயத்தோடு ஒரே நாளில் பதிவாகும் விற்பவர் அடமானத்துக்குத் தீர்வையை முழுவதும் நீக்க வேண்டும். குறைந்த விலை மனைகளுக்குக் கிரயத் தீர்வையையே தவணையில் வாங்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தபோது, அட்டையில் கடைசித் தவணை வரை கட்டியிருந்தவர்களும் கிரயம் இன்றித் தவித்தார்கள். கையில் பத்திரம் வைத்திருந்தவர் குறைந்தது உரிமையாளராக நின்று 2017-இன் வரன்முறைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. தவணையில் மனை வாங்குவோர் முதல் தவணை கட்டும் முன்பே கிரயத்தையும் அடமானத்தையும் கேட்க வேண்டும். அது தராத விற்பவரிடம் பணம் கட்டக் கூடாது.