படைவீரர் காற்சட்டையும் கில்ற் உடையும்

ஸ்கொத்லாந்து மலைநாட்டார் இடுப்பிற் சுற்றிய கில்ற் என்னும் ஆடைக்குப் பிரித்தானிய அரசு ஒருகாலத்தில் அஞ்சியது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், பாராளுமன்றம் அவ்வாடையை விலக்கிச் சட்டமியற்றிற்று. முதன்முறை அணிந்தோர்க்கு ஆறு மாதச் சிறை; மீண்டும் அணிந்தோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். மன்னரின் படையிற் சேர்ந்தார்க்கு மட்டும் தடையில்லை! தந்தையின் உடையைத் தரிக்க விழைந்த இளைஞன், தந்தையை வென்றவரின் படையிலேயே சேரவேண்டியதாயிற்று. 1782இல் அச்சட்டம் நீங்கியது.

முதலாம் உலகப்போரின் அகழிகளில், கில்ற்றின் மடிப்புகளில் உறைந்த சேறு வீரரின் கால்களை அறுத்தது. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்திலே, படைத்தலைமை அதனைக் களத்திலிருந்து விலக்கிக் காற்சட்டையைக் கொடுத்தது.

அதன்பின் நிகழ்ந்தது விந்தையே. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒருவர், மோட்டார்ச் சைக்கிளில் வேலைசெய்கையிற் கால்களுக்கு வசதி வேண்டி, பழைய இராணுவக் காற்சட்டையொன்றை வெட்டிக் கில்ற்றாகத் தைத்துக்கொண்டார். கண்டவர் தமக்கும் வேண்டுமென்றனர் போலும். 2000இல் அது ஒரு தொழிலாயிற்று. குலமரபுக் கட்டங்கள் அதிலில்லை. பக்கங்களிற் பெரிய பைகளும், தொழிலாளர்க்கென ஆக்கியவற்றிற் சுத்தியல் தொங்கவிட ஒரு வளையமும் இருந்தன.