வகுப்பறையில் வளர்ந்த சினிமா

கவிதை எழுதுகிறவருக்குக் காகிதமும் எழுதுகோலும் போதும். சித்திரம் தீட்டுகிறவருக்குத் துணியும் வர்ணமும் போதும். சினிமா எடுக்கப் புகுந்தவருக்கோ காமிராவும் படச்சுருளும் விளக்குகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும், இவையனைத்துக்கும் மேலாகப் பல மனிதர்களின் உழைப்பும் வேண்டியிருப்பதால், இக்கலை பிறந்த நாள்தொட்டே மூலதனத்தின் வாசலில் காத்து நிற்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாயிற்று. பணம் போடுகிறவர் கதையிலும் கை வைப்பார் என்பது எல்லாத் தேசத்துச் சினிமாவும் கண்ட அனுபவம். அப்படியிருக்க, தம் மனம் ஒப்பிய படத்தையே எடுப்பதென்று விரதம் பூண்ட கலைஞர்கள் எங்கே தங்கினார்கள், எதைக்கொண்டு ஜீவித்தார்கள் என்று சரித்திரத்தைக் கேட்டால், அது சுட்டிக்காட்டும் இடங்களுள் முக்கியமானது சர்வகலாசாலையின் வகுப்பறை.

இந்த உறவு புதிதன்று. 1919இல் மாஸ்கோவில் அரசாங்கம் ஒரு சினிமாப் பள்ளியை ஸ்தாபித்த சிறிது காலத்துக்குள் அங்கே ஆசிரியராக வந்த லெவ் குலெஷோவ், படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய அந்நாளில், சுருளே இல்லாமல் மாணவர்களை நடிக்கவைத்து, காட்சிக்குக் காட்சி பிரித்து அடுக்கிப் பயிற்றுவித்தார். பின்னர் சுருள் கிடைத்தபோது அதே மாணவர்களை வைத்துப் படமும் எடுத்தார். 1929இல் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள தென் கலிபோர்னியா சர்வகலாசாலை சினிமாவைப் பாடமாக ஏற்றது. அங்கே பயின்ற எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியாவுக்கு வந்து, ‘சதி லீலாவதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’ முதலிய படங்களை இயக்கித் தமிழ் சினிமாவின் இளமைப் பருவத்துக்கு உறுதுணையாக இருந்ததை நம்மவர் அறிவர். ஆயினும் ஹாலிவுட்டின் நிழலில் எழுந்த கலாசாலைகள் பெரும்பாலும் அத்தொழிலுக்கு ஆள் பயிற்றும் சாலைகளாகவே விளங்கின. அந்தத் தொழிலின் வழியை மறுத்து, ஆசிரியப் பதவியையே அரணாகக் கொண்டு, சொந்தப் படங்களைச் சொந்தப் பிரயாசையால் எடுத்து, சொந்த முயற்சியால் ஜனங்களிடம் கொண்டுபோன ஒருவரின் சரிதையை அறிய, எத்தியோப்பியாவின் கோண்டார் நகரிலிருந்து தொடங்கவேண்டும்.

ஹைலே கெரிமா 1946இல் அந்நகரில் பிறந்தார். தந்தை நாடகாசிரியர், ஊர் ஊராகச் சென்று, தம் மக்களின் பாஷையில், தம் மக்களின் சரித்திரத்தை மேடையேற்றியவர். தாயார் பள்ளி ஆசிரியை. போதனையும் நாடகமும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்றே சொல்லலாம். எனினும் அந்த வீட்டுப் பிள்ளையின் மனத்தை முதலில் கவர்ந்தவை கொட்டகையில் ஓடிய அமெரிக்கப் படங்களே. அவற்றில் கண்டதைக் கோண்டார் மலைச் சரிவுகளில் தோழர்களோடு விளையாடிப் பார்த்ததையும், டார்ஜான் படங்களைப் பார்க்கையில் ஆப்பிரிக்கர்களுக்கு எதிராக டார்ஜானின் பக்கமே நின்று கைதட்டியதையும் அவர் பிற்காலத்தில் பலமுறை வேதனையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். தன் இனத்தானைத் தானே பகைவனாகப் பார்க்கும்படி ஒரு பிள்ளையின் கண்ணைப் பழக்கிவிடும் சக்தி சினிமாவுக்கு உண்டென்றால், அந்தக் கண்ணை மீட்டுத் தரும் கடமையும் சினிமாவுக்கே உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்ததன் மூலகாரணம் இதுதான்.

1967இல் நாடகம் பயில அவர் சிகாகோ நகரத்துக் குட்மன் நாடகப் பள்ளிக்குச் சென்றார். அங்கே கறுப்பு நிறத்தவருக்கென்று ஒதுக்கப்பட்டவை ஏவல் செய்யும் வேஷங்களே. அதில் மனம் கசந்து மேற்கே புறப்பட்டவர், லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் சினிமாப் பிரிவில் சேர்ந்தார். 1965இல் அந்நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் மூண்ட கலகமும், அதைத் தொடர்ந்து மாணவர்கள் நடத்திய கிளர்ச்சியும் சர்வகலாசாலையின் கதவுகளைச் சற்றே திறக்கச் செய்திருந்த காலம் அது. எலைசியோ டெய்லர் என்ற கறுப்பினப் பேராசிரியரின் முயற்சியால், அதுவரை அங்கே இடம்பெறாத சமூகங்களின் பிள்ளைகளுக்குச் சினிமா கற்பிக்கத் தனித் திட்டமொன்று உருவாயிற்று. அங்கே சேர்ந்த மாணவர் ஆரம்பத்திலேயே ஒரு சிறு படத்தைத் தாமே எழுதி, தாமே எடுத்து, தாமே தொகுத்துக் காட்டவேண்டும். சார்லஸ் பர்னெட், ஜூலி டாஷ், லாரி கிளார்க், பில்லி உட்பெரி முதலியோர் பயின்ற காலம் அது. ஒருவர் படத்துக்கு மற்றவர் காமிரா பிடிப்பார். இவர் படத்தில் அவர் ஒலி பதிவார். கூலி என்ற பேச்சே எழாது. இக்கூட்டத்தைப் பின்னாளில் விமரிசகர் கிளைட் டெய்லர் ‘லாஸ் ஏஞ்சலீஸ் கலகம்’ என்று பெயரிட்டழைத்தார், அப்பெயரே நிலைத்தது.

கெரிமா 1975இல் முடித்த ‘புஷ் மாமா’ இந்தக் கூட்டுறவின் கனி. வாட்ஸ் பகுதியில் அரசாங்க உதவிப் பணத்தை நம்பிப் பிள்ளையோடு வாழும் டாரதி என்ற பெண்ணின் கதை அது. படத்தின் தொடக்கத்தில் இரண்டு கறுப்பின வாலிபர்களைத் தெருவில் போலீசார் நிறுத்தி, கைகளை உயர்த்தச் சொல்லிச் சோதனை போடுகிறார்கள். இது நடிப்பன்று, வெளிப்புறக் காட்சிக்காகக் கருவிகளோடு நின்ற கெரிமாவின் குழுவினரையே போலீசார் மறித்தபோது, தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த காமிரா பதிந்துகொண்ட நிஜம். அந்தச் சுருளை அவர் வீசியெறியவில்லை. படத்தின் முகப்பிலேயே வைத்தார். அதன்மேல், உதவிப் பணம் கோரி வருவோரை உத்தியோகஸ்தர் கேட்கும் கேள்விகள் ஒலித்தடத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி அமைத்தார். பார்ப்பவர் கண்ணில் தெருவின் பலாத்காரமும் காதில் அலுவலகத்தின் பலாத்காரமும் ஏககாலத்தில் வந்து விழுகின்றன. வறுமை என்பது பணமில்லாமை மாத்திரமன்று, இடைவிடாத விசாரணைக்கு ஆளாயிருத்தலும் ஆகும் என்பதை விளக்கவுரை எதுவுமின்றி உணர்த்தும் இந்தத் தொகுப்பு, செலவில்லாமல் செய்த கலைச் சாதனை.

இதற்கு முன்பே, 1974ஆம் வருஷக் கோடையில், அவர் சிறு குழுவோடு தாய்நாடு சென்று, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ‘அறுவடை: 3000 ஆண்டுகள்’ படத்துக்கான காட்சிகளை எடுத்து முடித்திருந்தார். ஹைலே செலாசி சக்ரவர்த்தியின் ஆட்சி ஆட்டங்கண்டு, அவ்வருஷம் செப்டம்பரில் வீழ்வதற்கு முன்னிருந்த குறுகிய இடைவெளி அது. சில மாதம் கழித்துப் போயிருந்தால் ராணுவ ஆட்சி காமிராவைத் தூக்கவிட்டிருக்காது. நடித்தவர்கள் பெரும்பாலும் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். பேசியது அம்ஹாரிக் மொழி. படமோ கறுப்பு வெள்ளை. நிலப்பிரபுவின் அதட்டலும், குடியானவக் குடும்பத்தின் விடியல் முதல் அந்தி வரையிலான உழைப்பும், நிலம் பறிபோய்ப் பித்தனாகத் திரியும் கெபெபே என்பவன் உரக்கச் சொல்லும் உண்மைகளும் இரண்டரை மணி நேரம் நிதானமாக விரிகின்றன. உழவின் கதிக்கு ஏற்ற கதியையே அப்படம் தேர்ந்துகொண்டது. 2006இல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் ஆதரவில் பழுது நீக்கப்பட்டுக் கான் விழாவில் அது மறுபடியும் திரையேறிற்று.

1975இல் கெரிமா வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்ட் சர்வகலாசாலையில் சினிமா ஆசிரியராக அமர்ந்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலையான காலத்தில், 1867இல் நிறுவப்பட்ட அக்கலாசாலை, கறுப்பின மக்களின் வித்தைக்குத் தலைநகர் போன்றது. அங்கே அவர் பல பத்தாண்டுகள் போதித்தார். மாதச் சம்பளம் குடும்பத்தைக் காத்தது. ஆகவே கதையை விற்றுக் குடும்பத்தைக் காக்கும் அவசியம் அவருக்கு நேரவில்லை. ஆனால் போதனையைப் பிழைப்புக்கு ஒரு வழியாகவும், படத்தையே வாழ்க்கையாகவும் அவர் பிரித்து வைத்ததில்லை என்பதையே முக்கியமாகக் கவனிக்கவேண்டும். அதே ஹோவர்டில் நீண்ட காலம் இலக்கியம் போதித்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரௌனைப் பற்றி 1985இல் அவர் எடுத்த விவரணப் படத்தில் மாணவர்களே உடனிருந்து உழைத்தார்கள். ஒரு முதுகவியின் சரிதை பதிவாயிற்று. அதே வேளையில் இளைஞர்கள் தொழிலும் கற்றார்கள்.

அந்தக் கல்வியின் பலனை அளந்து பார்க்க வேண்டுமானால் மாணவர்களைப் பார்க்கவேண்டும். கட்டடக் கலை பயில வந்து, கெரிமாவின் வகுப்பில் காமிராவின்பால் ஈர்க்கப்பட்ட எர்னஸ்ட் டிக்கர்சன், பிற்காலத்தில் ஸ்பைக் லீயின் ‘மால்கம் எக்ஸ்’ உள்ளிட்ட படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். ஹோவர்டில் பயின்ற ஆர்தர் ஜாஃபா, 1991இல் வெளியான ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ படத்துக்கு ஒளிப்பதிவாளரானார். அதை இயக்கியவர் கலிபோர்னியாவில் படித்த அதே ஜூலி டாஷ். பிராட்ஃபோர்ட் யங் ‘செல்மா’வுக்கும், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ‘அரைவல்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். கறுப்பு மேனியை ஒளியில் எப்படிக் காண்பது என்ற பிரச்னையை, வெள்ளை மேனியை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட முறைகளுக்கு விட்டுவிடாமல், தம் கண்ணால் ஆராய்ந்த ஒரு பரம்பரை இப்படி உருவாயிற்று.

கெரிமாவின் கீர்த்திக்குக் காரணமான ‘சங்கோஃபா’ 1993இல் வெளிவந்தது. கானா நாட்டுக் கடற்கரையில், அடிமைகளைக் கப்பலேற்றுமுன் அடைத்து வைத்த கேப் கோஸ்ட் கோட்டையில், புகைப்படத்துக்கு நிற்க வந்த அமெரிக்கக் கறுப்பின அழகி ஒருத்தி, அக்கோட்டையின் நிலவறையில் இறங்கியதும் முன்னோரின் காலத்துக்குள் இழுக்கப்பட்டு, கரும்புத் தோட்டத்து அடிமையாக வாழ நேர்கிறது. எஜமானின் கருணையைப் பாடும் பழைய ஹாலிவுட் சம்பிரதாயத்தை இப்படம் அறவே ஒதுக்கியது. அடிமைகள் சதி செய்கிறார்கள், ஓடுகிறார்கள், எதிர்க்கிறார்கள், தம் தெய்வங்களை நினைவில் காக்கிறார்கள். கானா, புர்கினா ஃபாசோ, ஜெர்மனி முதலிய தேசங்களின் கூட்டுறவோடு பல்லாண்டுப் பிரயாசையில் உருவான இப்படம் பெர்லின் விழாவில் போட்டிக்குத் தேர்வாயிற்று. என்றாலும் அமெரிக்க விநியோகஸ்தர் எவரும் அதை வாங்க முன்வரவில்லை.

இந்த இடத்தில் வேறொருவராயின் பிரதியைப் பெட்டியில் பூட்டிவிட்டு வகுப்பறைக்குத் திரும்பியிருப்பார். கெரிமாவும், அவருடைய மனைவியும் சக தயாரிப்பாளருமான ஷிரிகியானா ஐனாவும் கொட்டகையைத் தாமே வாடகைக்குப் பிடித்தார்கள். வாஷிங்டனில் தொடங்கி, நகரத்துக்கு நகரம் அன்பர்கள் குழுக்களாகக் கூடி, தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் செய்தி பரப்பி, ஜனங்களைத் திரட்டி வந்தார்கள். விளம்பரம் வாய்ச்சொல்லே, ஆயினும் கொட்டகைகள் வாரக்கணக்கில் நிரம்பின. ஒரு வியாபாரம் புறக்கணித்த படத்தை ஒரு சமூகம் தோளில் சுமந்து சென்றது. அந்த வருவாயைக்கொண்டு, சர்வகலாசாலைக்கு எதிரே ஜார்ஜியா அவென்யூவில் ஒரு கட்டடம் வாங்கி, படத்தின் பெயரையே சூட்டி, புத்தகக் கடையும் காப்பிக் கடையும் திரைப்படக் களஞ்சியமுமாக ஒரு நிலையத்தை அத்தம்பதி அமைத்தார்கள். வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை தேடி மாணவர் தெருவைக் கடந்தால் போதும். புத்தகமும் படமும் ஆசிரியருமே அங்கே இருப்பார்கள்.

இந்த வழியின் விலையையும் சொல்லவேண்டும். ‘சங்கோஃபா’வுக்கும் அடுத்த கதைப்படமான ‘தெசா’வுக்கும் இடையே பதினைந்து வருஷங்கள் கழிந்தன. இடையில் 1896இல் எத்தியோப்பியர் இத்தாலியரை வென்ற அட்வா யுத்தத்தைப் பற்றிய விவரணப் படம் 1999இல் வந்தது. ஆயினும் ஒரு கலைஞனின் திரண்ட சக்தி மிக்க காலம் பெரும்பாலும் பணம் திரட்டுவதிலேயே சென்றது. 2008இல் வந்த ‘தெசா’, ஜெர்மனியில் படித்துத் தாய்நாடு திரும்பிய அன்பெர்பெர் என்ற அறிவாளி, புரட்சியின் பெயரால் நடக்கும் கொடுமைக்கு நடுவே தன் கல்வி எதற்குதவும் என்று தவிப்பதைச் சொல்கிறது. வெனிஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசும் திரைக்கதைக்கான பரிசும், 2009இல் வாகடூகு நகரத்து ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் தலைப்பரிசான பொற்குதிரையும் அதற்குக் கிடைத்தன. 2021இல் லாஸ் ஏஞ்சலீஸில் திறக்கப்பட்ட ஆஸ்கர் அகாடமியின் காட்சிச்சாலை தன் முதல் ‘வான்டேஜ்’ விருதை அவருக்கு அளித்தது. பழுது நீக்கிய ‘சங்கோஃபா’ அவ்வருஷமே நெட்ஃபிளிக்ஸ் மூலம் ஜனங்களிடம் சென்றது. கௌரவம் வந்தது, ஆனால் எடுக்கப்படாமல் போன படங்களைக் கௌரவம் ஈடுசெய்யாது.

ஆகவே கெரிமாவின் சரிதையைத் தனிமனித வைராக்கியத்தின் கதையாக மட்டும் வாசித்தல் போதாது. வாட்ஸ் தெருக்களில் எழுந்த கோபம் ஒரு கலாசாலையின் கதவைத் திறந்தது. அக்கலாசாலை காமிராவைக் கையில் கொடுத்தது. மற்றொரு கலாசாலை சோறு போட்டு, சீடர்களையும் தந்தது. ஜனங்கள் கொட்டகையை நிரப்பினார்கள். அந்த நிறைவிலிருந்து ஒரு புத்தகசாலை எழுந்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அற்றிருந்தாலும் அவருடைய விரதம் பங்கப்பட்டிருக்கும். எந்த நாட்டிலும் சினிமாவைப் பாடமாக வைக்கும் சர்வகலாசாலைகள் தம் ஆசிரியர்களைப் படம் எடுக்க விட்டு, அந்தப் படங்களில் மாணவர்களை உழைக்க விட்டு, அவற்றைப் பார்க்க ஊராரை அழைக்குமானால், அடுத்த கெரிமா பதினைந்து வருஷம் காத்திருக்க நேராது.