அடுத்த ஆட்டத்தில் அவர்களை எப்படித் தடுப்பது?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி பொதுவாக வாரத்துக்கு ஒருமுறைதான் களமிறங்கும். மீதி நாள்கள் ரசிகர்களுக்கு. மதுக்கூடத்திலும் முடிதிருத்தும் கடையிலும், ஆட்டத்தன்று அரங்கின் கார் நிறுத்துமிடத்தில் கறி வாட்டும் அடுப்பைச் சுற்றியும் நடக்கிற வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரப்போகிற எதிரணியின் தாக்குதலை நம்மவர்கள் தாங்குவார்களா?

ஒரு காலத்தில் இந்த வாதத்துக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை. 1906-க்கு முன்பு பந்தை முன்னோக்கி எறிய விதியே இடம் தரவில்லை. கூட்டமாகக் கைகோத்து முட்டி மோதி, கெஜம் கெஜமாக முன்னேற வேண்டும். 1905 பருவத்தில் மட்டும் சுமார் 18 பேர் ஆட்டத்தில் உயிரிழந்ததாகப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறு ஆண்டே முன்னோக்கி எறிவதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அரைமனதாகத்தான். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் 15 கெஜம் தண்டனை. 1912-இல் கெடுபிடிகள் தளர்ந்தன. எறிவதற்கு வாகாகப் பந்தும் மெலிந்தது.

அதன் பலனை மறு ஆண்டு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அனுபவித்தது. 1913 நவம்பர் 1 அன்று அங்கே வந்து இறங்கிய நோட்டர் டேம் அணியைக் கிழக்கத்தியர் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அந்த அணியின் கஸ் டொராய்ஸும் நூட் ராக்னியும் அந்தக் கோடையில் ஒஹையோ மாநிலத்து சீடர் பாயின்ட் கடற்கரை விடுதியில் வேலை பார்த்தபடியே, மணலில் பந்தை எறிந்தும் பிடித்தும் பழகியிருந்தார்கள். டொராய்ஸ் எறிந்த 17 பந்துகளில் 14 இலக்கைச் சேர்ந்தன. உடல் வலுவை நம்பியிருந்த ராணுவ அணி 35-13 என்று தோற்றது. ஆனால் பாடம் வீண்போகவில்லை. அதே மாதக் கடைசியில் கடற்படைக் கல்லூரியை அது 22-9 என்று வென்றது.

எதிரணியை முன்கூட்டியே வேவு பார்ப்பது அதன்பின் முறையான தொழிலாகவே வளர்ந்தது. எவ்வளவு பார்த்தாலும் போதாது என்பதற்கு 1940 சாட்சி. அந்த நவம்பரில் தொழில்முறை ஆட்டம் ஒன்றில் சிகாகோ பேர்ஸ் அணியை வாஷிங்டன் அணி 7-3 என்று வென்றது. கடைசி நேரத்தில் நடுவர் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு தவறைச் சொல்லி பேர்ஸ் புகார் செய்ய, வாஷிங்டன் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் அவர்களை அழுமூஞ்சிகள் என்று பத்திரிகைக்காரர்களிடம் கேலி செய்தார். சிகாகோ பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் அந்தச் செய்தித் துணுக்குகளை உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். கூடவே, முந்தைய ஆட்டத்தின் படச்சுருளையும் போட்டுப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து அதே இரு அணிகளுக்கும் இறுதி ஆட்டம். பந்து கைமாறுவதற்கு முன்பே ஒரு வீரரைப் பக்கவாட்டில் ஓடவிட்டுத் தற்காப்பைக் குழப்புவது சிகாகோவின் உத்தி. வாஷிங்டன் அதற்கு மாற்று யோசித்திருக்கிறதா என்று முதல் முயற்சியிலேயே சோதித்தார்கள். யோசித்திருக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் பில் ஒஸ்மன்ஸ்கி 68 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் எடுத்தார். ஒவ்வொரு டச்டவுனுக்குப் பிறகும் கூடுதல் புள்ளிக்காக உதைத்த பந்துகள் ஒவ்வொன்றாகப் பார்வையாளர் பக்கம் போய்த் தொலைந்ததால், இனி உதைக்க வேண்டாம் என்று நடுவர்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. முடிவு 73-0.

ரசிகர்களின் வாதத்துக்கும் பிற்பாடு ஒரு மேடை வந்தது. 1987 ஜூலையில் நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். வானொலி இருபத்துநான்கு மணி நேரமும் விளையாட்டுப் பேச்சை ஒலிபரப்பத் தொடங்கியது. மதுக்கூட வாதம் தொலைபேசி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. நான்கு ஆண்டுக்குள் அதற்குப் பெருந்தீனி கிடைத்தது: தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், 1991 ஜனவரியில், பஃபலோ பில்ஸ் எதிர் நியூயார்க் ஜயன்ட்ஸ்.

பஃபலோவைக் கண்டு பயப்படக் காரணம் இருந்தது. அரையிறுதியில் ரெய்டர்ஸை 51-3 என்று நசுக்கியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்ததும் அவர்கள்தான். ஜிம் கெல்லி தலைமையில், கூடிப் பேசக்கூட நிற்காமல் அடுத்தடுத்து ஆடிக்கொண்டே இருப்பார்கள்; எதிரணி ஆள் மாற்ற நேரம் இருக்காது. ஜயன்ட்ஸுக்கோ, பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் முதல் நிலை குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ் காயத்தால் இல்லை. அவர் காயம்பட்டதும் டிசம்பரில் இதே பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில்தான்.

ஜயன்ட்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் பில் பெலிசிக். அவருடைய தந்தை ஸ்டீவ், கடற்படைக் கல்லூரி அணிக்காக எதிரணிகளை வேவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு, அதைப் பற்றி 1962-இல் ஒரு புத்தகமும் எழுதியவர். மகன் சொன்ன யோசனை வீரர்களுக்கே பிடிக்கவில்லை. பஃபலோவின் ஓட்டக்காரர் தர்மன் தாமஸ் 100 கெஜத்துக்கு மேல் ஓடட்டும், விட்டுவிடுங்கள் என்றார். முன்வரிசையில் ஆளைக் குறைத்து, பந்து பிடிக்க ஓடி வருபவர்களைப் பின்னால் காத்திருந்து அடித்து வீழ்த்துவதுதான் திட்டம். தாமஸ் 135 கெஜம் ஓடினார். அப்படியும் பஃபலோ 19 புள்ளிக்கு மேல் போகவில்லை.

மறுபாதி வேலையைச் செய்தது ஜயன்ட்ஸின் தாக்குதல். மூன்றாவது பகுதியில் ஒரே மூச்சில் ஒன்பதரை நிமிடம் பந்தை வைத்திருந்து டச்டவுன் எடுத்தார்கள். மொத்தம் 60 நிமிடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடம். கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப்போக, 20-19 என்று ஜயன்ட்ஸ் வென்றது. பெலிசிக்கின் அந்தத் திட்டத்தாள் ஒஹையோவின் கான்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

2013 பருவத்தில் பெய்டன் மானிங்கின் டென்வர் அணி 606 புள்ளி குவித்துச் சாதனை படைத்தபோதும் வாதம் இதே தடத்தில் ஓடியது. அந்த ஆண்டு லீகிலேயே குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த சியாட்டில், 2014 பிப்ரவரி 2 அன்று சூப்பர் பௌலில் எதிரே நின்றது. முதல் முயற்சியிலேயே பந்து மானிங்கின் தலைக்கு மேல் பறந்து டென்வரின் சொந்த எல்லைப் பகுதிக்குள் போனது. 12 நொடியில் சியாட்டிலுக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 43-8 என்று சியாட்டிலின் வெற்றியில் முடிந்தது.

ஆகவே, பெரிய ஆட்டத்துக்கு முன்னால் யாராவது எதிரணியின் புள்ளிக் கணக்கை நீட்டிப் பயமுறுத்தினால், வாசகர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். இந்தப் புள்ளிகளை எந்தத் தற்காப்புக்கு எதிராக எடுத்தார்கள்? பந்து எத்தனை நிமிடம் அவர்கள் கையில் இருக்கும்?