ஒரு லேபிளை எடுத்தாங்க, ரெட்டிட் படுத்துருச்சு

பொட்டி தட்டுற மக்களே, குபர்நெட்டிஸ் தெரியும்தானே? எந்த கன்டெய்னர் எந்த மெஷின்ல ஓடணும்னு பாத்துக்கிற மேஸ்திரி. கூகுள் 2014 ஜூன்ல வெளியிட்டது. 1.0 வந்தது 2015 ஜூலையில. ரொம்ப நாள் வருஷத்துக்கு நாலு வெர்ஷன் வந்துச்சு, 2021-ல அதை மூணாக்கினாங்க.

புது வெர்ஷன்ல என்ன சேர்த்தாங்கன்னுதான் நாம பார்ப்போம். எதை எடுத்தாங்கன்னு பார்த்தாதான் கதை.

கிளஸ்டரை மேய்க்கிற மெஷின்களுக்கு 'மாஸ்டர்'னு ஒரு லேபிள் இருந்துச்சு. அடிமை முறையை ஞாபகப்படுத்துற சொல் வேணாம்னு 2020 டிசம்பர்ல, 1.20-ல, 'கன்ட்ரோல் பிளேன்'னு புது லேபிள் கொண்டுவந்தாங்க. பழசு போகப்போகுதுன்னும் சொல்லிட்டாங்க. 2022 மே மாசம் 1.24-ல அது போயே போச்சு.

2023 மார்ச் 14. ரெட்டிட்காரங்க ஒரு பழைய கிளஸ்டரை 1.23-லேர்ந்து 1.24-க்கு ஏத்துனாங்க. அதுல நெட்வொர்க் பாதையை எல்லா மெஷினுக்கும் சொல்ற ரூட் ரிஃப்ளெக்டர்களை அந்த 'மாஸ்டர்' லேபிளை வெச்சுத்தான் தேர்ந்தெடுத்திருந்தாங்க. லேபிள் போச்சு, பாதையும் போச்சு! குபர்நெட்டிஸ்ல பழைய வெர்ஷனுக்கு இறங்குறதுக்கு முறையான வழி கிடையாது. பேக்கப்லேர்ந்து மீட்டாங்க. மொத்தம் 314 நிமிஷம். அன்னிக்கு பை தினம் வேற :-)

அந்த செட்டிங்கைப் பல வருஷம் முன்னாடி இருந்த டீம் போட்டது, கோடுல எங்கயும் பதிவாகலை. ரெட்டிட்டே இதையெல்லாம் விலாவாரியா எழுதி வெச்சிருக்கு.

குபர்நெட்டிஸ் ஒரு வருஷத்துக்கு மேல முன்கூட்டியே சொல்லுச்சு. ஆனா நம்ம சிஸ்டத்துல என்ன இருக்குன்னு நாமளே எழுதி வைக்கலைன்னா, எந்த ரிலீஸ் நோட்ஸ் வந்து காப்பாத்தும்?